பெட்டிக்குப் பாரம் காணாது

அத்தியாயம் பதினேழு

மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின் மேலும் சத்தியமாகச் சொல்கிறேன்: இந்த வாரம் நான் எழுதுவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போன வாரம் எழுதியதில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. வாவியில் யதுர்ஷனுக்கு அகப்பட்ட இறாலின் நீளம் பற்றியது அது. திருத்தப் போனால் இறால் இன்னும் நீண்டுவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

தொடர்ந்து வாசிக்கிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் நாகரெத்தினம். காலஞ்சென்ற என் அண்ணனின் மகள் வதனி, அமிர்தகழியில் முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய கணவன் யதுர்ஷன் மாங்கேணியில் பிறந்தவன், தோணி எஞ்சின் திருத்துகிறவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் கொடுத்த சீதன வீட்டில் மகள் இருப்பாள். தாய் அதே வளவின் பின்பக்கம் ஓர் அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவான். யதுர்ஷனும் எட்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் வந்தான். பின்னறையில் இருப்பவர் என் அண்ணனின் மனைவி இரத்தினம்மா மச்சாள்.

பத்தொன்பது நாளைக்கு முன் எஞ்சின் எண்ணெய் கசிந்து வதனியின் மல்லிகைப் பந்தல் கருகிப்போனது. அவள் சத்தம் போடவில்லை. யதுர்ஷன் வாழைச்சேனைக்கு வேலையாகப் போயிருந்த நேரம் இரண்டு ஆட்களைப் பிடித்து, அவனுடைய வேலை மேசையைத் தூக்கிப் படலைக்கு வெளியே ரோட்டோரம் வைப்பித்தாள். மேலே தறப்பாளும் கட்டுவித்தாள். அது அவளுடைய நல்ல மனம்.

பின்னேரம் வந்தவன் மேசையைப் பார்த்தான். படலையைப் பார்த்தான். அடுத்து வெளியே வைக்கப்படுவது எது என்று யோசித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உத்தரவு கேட்க ஆரம்பித்தான். கதிரையில் இருக்கலாமா என்றான், விசிறியைப் போடலாமா என்றான், தண்ணீர் குடிக்கலாமா என்றான். மூன்றாம் நாள் வதனி பதில் சொல்வதை நிறுத்தினாள். நான்காம் நாள் அவன் கேட்பதை நிறுத்தினான். அதன் பிறகு அங்கே பேச்சு என்று ஒன்று இல்லை.

நாடகத்தில் மட்டும் பேசினார்கள்.

எங்கள் மாதர் சங்கம் நடத்துகிற குடும்ப ஒற்றுமை விழாவுக்கு ஒரு மணித்தியால நகைச்சுவை நாடகம் கேட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு தம்பி எழுதி அனுப்பியிருந்தான். பெயர் 'உள்ளே வரலாம், செருப்பைக் கழற்றவும்'. மூன்றே பேர்: சண்டை பிடிக்கும் கணவன், மனைவி, அவர்கள் மனக்குறை கேட்டு ஆலோசனை சொல்லி உளவளத்துணை செய்கிறவர். கணவனாக யதுர்ஷனும் மனைவியாக வதனியும் நடிக்க ஒப்புக்கொண்டது, மேசை படலைக்கு உள்ளே இருந்த காலத்தில். வேறொருவன் பெண்சாதியோடு மேடையில் சண்டை பிடிக்க எங்கள் ஊரில் ஆம்பிளைகள் பயப்படுவார்கள் என்பதால் உண்மைப் புருசன் பெண்சாதியே வேண்டியிருந்தது. உளவளத்துணையாளர் நான். நெறியாள்கையும் நான். மேடையில் தேநீர் என்றால் தேநீர், கண்ணீர் என்றால் கண்ணீர், அதுதான் என் முறை.

ஒத்திகையில் பாடமாக்கிய வசனங்களை வைத்தே அந்த இருவரும் பதினைந்து நாள் குடும்பம் நடத்தினார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன், நம்பத்தான் வேண்டும். குசினிக்குள்ளிருந்து வதனி, 'என் உள்ளத்தின் வெறுமையை நீங்கள் அறிவீர்களா?' என்பாள். யதுர்ஷன் எழுந்து போய் இரண்டு கிலோ சம்பா அரிசி வாங்கி வருவான். அவன் சாப்பாட்டின் நடுவில், 'நீ என்னை ஒருநாளாவது கவனித்தாயா?' என்பான். மச்சாள் சொதிச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவைப்பார்.

நாடகத்தின் கடைசியில் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்படுகிறாள், கணவன் தடுக்கிறான். கொழும்புத் தம்பி அப்படித்தான் எழுதியிருந்தான். முதல் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாளுக்கு அது விளங்கவில்லை.

"அவள் எங்க போறாள்? தாய்க்காரி பின்னுக்குத்தானே இரிக்காள்."

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் சண்டை வந்தால் போகிறவன் ஆண். ஆகவே பெட்டியை வதனியின் கையிலிருந்து எடுத்து யதுர்ஷனின் கையில் கொடுத்தேன். அவன் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடக்க வேண்டும். அவள் 'நில்லுங்கள்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அவன் பெட்டியை வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒத்திகையில் அவன் அந்த வெறும் பெட்டியைத் தூக்கியபோது அது விசிறி மட்டை போல ஆடியது. பெட்டிக்குப் பாரம் காணாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

இனி சனிக்கிழமை.

*

காலை ஆறரைக்கு யதுர்ஷன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் படலைக்கு வந்தான். வாயில் வேப்பங்குச்சி. என்னோடு பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான்.

"மாமா, நான் இன்னும் பல்லுத் துலக்கயில்ல."

அது தெரிகிறது என்றேன்.

"பிரஷ் பெட்டிக்குள்ள கிடக்கு."

பிறகு விபரமாகச் சொன்னான். மண்டபத்துக்குக் கொண்டுபோவதற்காகக் கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்திருக்கிறான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து, மூடியின் சிப்பை இழுத்து நாலு விரற்கடை திறந்து பார்த்திருக்கிறான். அவனுடைய சேட்டுகள் மடித்து அடுக்கியபடி இருந்தன. சாரன் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றியபடி, அவனுடைய பச்சை நிறப் பல் துலக்கும் பிரஷ். அதற்கு மேல் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மூடித் தள்ளிவிட்டு வந்துவிட்டான்.

"பிரஷ்ஷுமா?" என்று கேட்டேன்.

"நாடகத்துக்குப் பாரம் வேணுமெண்டா கல்லு வெக்கலாம், மாமா. பிரஷ் என்ன பாரம்?"

அவன் படலையில் கை வைத்தபடி நின்றான். எட்டு வருடமாக அந்த வளவில் தான் நட்டதும் கட்டியதும் என்னென்ன என்று சொல்லிக்கொண்டு போனான். இரண்டு தென்னை, ஒரு தோடை, கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து. போகச் சொல்லும் முன்னரே தானாகப் போய்விடுவதுதானே மரியாதை என்று கேட்டான். போவதென்றால் மாங்கேணியில் தாயிடம்தான். அங்கே தாயும் தங்கையும் இருக்கிற வீட்டில் ஒரே ஓர் அறை.

கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்திருப்பது தெரிந்தது. பின்னேரம் நாடகத்தில் அவன் பெட்டியைத் தூக்கி நடக்கும்போது வதனி 'நில்லுங்கள்' என்று சொன்னால் நிற்பான். அந்தச் சொல் கொழும்புத் தம்பி எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை, அவள் வாயால் வந்தால் போதும். சொல்லாவிட்டால் மேடையை விட்டு இறங்கி, மண்டபத்துக்குள்ளால் நடந்து, ரோட்டுக்குப் போய், மாங்கேணி வழியாகப் போகிற வாகரை பஸ்ஸில் ஏறிவிடுவான்.

"உடுப்பெல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கு. திரும்பி வீட்ட போகவும் தேவல்ல."

இதை வதனியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லமாட்டேன் என்றேன். உளவளத்துணையாளர் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்று நாடகத்தின் மூன்றாம் பக்கத்தில் என் வசனமாகவே எழுதியிருக்கிறது. பாடமாக்கியதை மீறுகிற நடிகன் நான் அல்ல.

*

ஒன்பது மணிக்கு நிலைமையைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வதனி முன்னறையில் சீலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மடிப்பின் மேல் அயனை முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தாள். துணி கருகப்போகிறது என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

"சித்தப்பா, அவர்ட சேட்டு ஒண்டும் அலுமாரிக்குள்ள இல்ல."

நாடகத்துக்குப் போடும் நீலச் சேட்டையும் அயன் பண்ணிக் கொடுப்போம் என்று அலுமாரியைத் திறந்திருக்கிறாள். பேசாமல் இருந்தாலும் அயன் பண்ணுவதில் தவறில்லை என்று நினைத்தாளாம். அவனுடைய தட்டில் இரண்டு பூச்சி உருண்டைகள் மட்டும் கிடந்தன. குளியலறையில் அவனுடைய பிரஷ்ஷும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. திறந்து பார்க்கவில்லை. புறப்படுகிறவனுடைய பெட்டியைத் திறப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"நாடகமெண்டு சாட்டு வெச்சு அடுக்கிட்டார். இண்டைக்கு அப்பிடியே போற எண்ணந்தான்."

மேசையை வெளியே வைத்தது அவன் வேலைக்கு வசதியாக இருக்கும் என்றுதான் என்றாள். ரோட்டோரம் இருந்தால் எஞ்சினோடு வருகிறவர்கள் நேரே அங்கேயே இறக்கலாம். மல்லிகையும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்டதெல்லாம் தண்ணீர் குடிக்கலாமா என்று.

பின்னேரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும்தானே என்று மெதுவாகக் கேட்டேன். கடைசி வசனம் ஞாபகம் இருக்கிறதுதானே என்றேன்.

அவள் அயனின் வயரைச் சுற்றி முடித்தாள்.

"அந்தச் சொல்ல நான் சொல்லமாட்டன், சித்தப்பா."

ஏன் என்று கேட்டேன்.

"நான் நில்லுங்க எண்டு சொல்லி, அவர் நிக்காமப் போனா? ஊர் முழுக்கப் பாத்துக்கிட்டு இரிக்கும்."

இதை யதுர்ஷனிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். என் தலையில்தான்.

வாசகர்கள் இப்போது என் நிலையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். அவள் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான். அவன் போய்விடுவான் என்பதால் அவள் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள். இரண்டையும் அறிந்தவன் உலகத்தில் ஒருவன். அவன் வாய் மூன்றாம் பக்கத்தால் கட்டப்பட்டிருந்தது. 

போகிற வழியில் மச்சாளின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டியைப் பற்றி அவருக்கு ஏதும் தெரியுமா என்று கேட்டேன். எந்தப் பெட்டி என்றார். பிறகு, விழாவுக்குப் பாற்சோறு கிண்டுகிறவர்கள் சீனி குறைத்துப் போடுவார்களா என்று கேட்டார். அதோடு வந்துவிட்டேன்.

*

விழா பின்னேரம் நாலு மணிக்கு. எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் எண்பது பேர் அமரலாம். அன்று நான் எண்ணியபோது அறுநூற்றி நாற்பது பேர் இருந்தார்கள். வாசலில் நின்ற மாட்டைச் சேர்த்து அறுநூற்றி நாற்பத்தொன்று. கச்சான் காற்று அடித்த வெக்கையில் கோந்து உருகி, மேலுதட்டில் ஒட்டிய என் மீசை முதற்காட்சி முடிவதற்குள் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதை ஒரு மறு என்று நினைத்து யாரும் சிரிக்கவில்லை.

ஒலிபெருக்கி காத்தான்குடி மர்சூக்கினுடையது. மேடைக்கு மேலே நாலு மைக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"எறும்பு தும்மினாலும் கடைசி வாங்குல இரிக்கிற ஆளுக்கும் கேக்கும், ஐயா."

பெட்டியை யதுர்ஷன் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மேடையில் ஏற்றியபோது பலகை முனகியது. வதனி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவன் வதனியின் பக்கம் பார்க்கவில்லை. நான் இருவரையும் பார்த்தேன், அதனால் என் முதல் வசனத்தை மறந்தேன்.

நாடகம் சிரிப்புத்தான். மனைவியின் நல்ல குணம் மூன்று சொல் என்று உளவளத்துணையாளர் கேட்க, கணவன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சோறு, கறி, மறுநாள் பழஞ்சோறு என்பான். மண்டபம் கிடுகிடுத்தது. பிறகு தேங்காய்க் காட்சி. உளவளத்துணையாளர் ஒரு தேங்காயைக் கொடுப்பார். தேங்காய் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசக் கூடாது, மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒத்திகையில் இருவரும் தேங்காயை மற்றவர் மடியில் தள்ளிவிட அடிபடுவார்கள். அதுதான் பகிடி.

அன்று அடிபடவில்லை. யதுர்ஷன் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, பேசு என்பது போல வதனியைப் பார்த்தான். அவள் கையை நீட்டித் தேங்காயின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, இருவரும் கேட்கிறவர்களாக, ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். சனம் இதுவும் பகிடி என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் நான்தான் எழுந்து தேங்காயை வாங்கிக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

பிறகு கடைசிக் காட்சி.

'இந்த வீட்டில் எனக்கு இடமில்லை' என்று யதுர்ஷன் வசனத்தைச் சொன்னான். நூறு தடவை கேட்ட வசனம். அன்று அவன் அதைச் சத்தமில்லாமல் சொன்னான். மர்சூக்கின் மைக் அதைப் பொறுக்கி எடுத்து ஊருக்குப் போட்டது.

குனிந்து பெட்டியைத் தூக்கினான். பாரம் காணும். தோள் ஒரு பக்கம் சரிந்தது. மேடையின் வலப்பக்கப் படி வரை எட்டு அடி. முதல் அடி வைத்தான். இரண்டாவது அடி வைத்தான்.

வதனி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்திருப்பது தெரிந்தது.

நாலாவது அடியில் அவன் சற்று நின்றான். திரும்பவில்லை, காது மட்டும் இங்கே இருந்தது. நான் கன்னத்து மீசையைச் சரிசெய்வது போலக் கையை மறைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி 'நில்லுங்கள்' என்று எடுத்துக்கொடுத்தேன். மைக் அதையும் எடுத்தது. உளவளத்துணையாளரே கணவனை நிற்கச் சொல்கிறார் என்று நினைத்துப் பின்வரிசையில் கைதட்டினார்கள்.

ஐந்தாவது அடி. ஆறாவது அடி. முன்வரிசையில் மச்சாள் பாற்சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார்.

ஏழாவது அடியில் பெட்டியின் சிப் வெடித்தது.

சேட்டுகள் முதலில் விழுந்தன. பிறகு சாரன்கள். பச்சைப் பிரஷ் பையோடு உருண்டு போய் மாதர் சங்கத் தலைவியின் செருப்பில் முட்டி நின்றது. மண்டபம் கூரை பிரியச் சிரித்தது. இப்படி ஒரு கட்டம் வைத்ததற்காக என்னைப் பாராட்டி யாரோ விசிலடித்தார்கள்.

அதன் பிறகு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொதி சரிந்து வந்து அவிழ்ந்தது. அரக்குச் சிவப்பில், மயில் கரையோடு, மேடை விளிம்பு வரை வழுக்கிக்கொண்டு போனது.

சிரிப்பு நின்றது.

வதனியின் கூறைச் சீலை. அதைத் தெரியாத பெண் எங்கள் ஊரில் இல்லை. எல்லோரும் கலியாணத்துக்கு வந்தவர்கள். கூறைச் சீலையை ஒரு பெண் சும்மா வெளியே எடுக்கமாட்டாள். நாலு நாளைக்கு விருந்துக்குப் போகிறவள் அதைக் கொண்டுபோகமாட்டாள். வீட்டையே விட்டுப் போகிறவள் கொண்டுபோவாள்.

யதுர்ஷன் முழங்காலில் இருந்தான். சீலையைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் ஓடியதை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் உடுப்புக்கு அடியில் இவள் தன்னுடையதையும் வைத்திருக்கிறாள். இவள் என்னை அனுப்பவில்லை. கூட வருகிறாள்.

வதனி கதிரையை விட்டு எழுந்து இரண்டு அடி வந்து நின்றாள். அவள் முகத்தையும் வாசித்தேன். தன் உடுப்போடு இவர் என்னுடையதையும் எடுத்து வைத்திருக்கிறார். இவர் என்னை விட்டுப் போகவில்லை. கூட்டிக்கொண்டு போகிறார்.

இரண்டு முகத்திலும் ஒரே கடிதம். எழுதியவர் பெயர்தான் மாறியிருந்தது.

அவன் மிக மெல்லச் சொன்னான், அவளுக்கு மட்டும்.

"மாங்கேணியில ஒரு அறைதான் கிடக்கு, வதனி."

"ஒரு அறை காணும்."

"அப்ப வாறியா?"

"நீங்க கூப்பிட்டா வராம என்ன."

அறுநூற்றி நாற்பது பேரும் கேட்டார்கள். மர்சூக் சொன்னது போலவே கடைசி வாங்கிலும் கேட்டது. எங்கள் ஊரில் சீதன வீட்டை விட்டு ஒரு பெண் மாமியார் வீட்டுக்குக் குடிபோவதாக வாய்விட்டுச் சொன்னது, எனக்குத் தெரிய, அதுதான் முதல் தடவை. அதுவும் மைக்கில்.

மச்சாள் எழுந்து நின்றார்.

"அப்ப வீட்டுல ஆருகா இரிக்கிற?"

மேடையில் இருவரும் சேட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாடகத்தின் கடைசி வசனம் பாக்கி இருந்தது. எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, எழுதியபடியே சொன்னேன்: 'உங்கள் பிரச்சினைக்கு நீங்களே தீர்வு கண்டுவிட்டீர்கள்.' கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. வாசலில் நின்ற மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் போய், வாவியில் இறங்கி, அக்கரையில் ஏறியதாகச் சொல்கிறார்கள். அதை நான் என் கண்ணால் காணவில்லை, ஆகவே எழுதவில்லை.

*

பொழுது சாய்கிற நேரம் மண்டபத்தின் பின்படியில் உட்கார்ந்து கோந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். யதுர்ஷன் வந்து பக்கத்தில் இருந்தான். இப்போது முகத்தை நேரே வைத்துப் பேசினான், பல் துலக்கியிருந்தான். மச்சாள் முன்னறையில் வீட்டுத் திறப்புக் கோர்வையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்றான். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போவதாக முடிவாகிவிட்டதாம்.

சந்தோசம்தானே என்றேன்.

அவன் கையில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை நகத்தால் சுரண்டினான். மாங்கேணியில் எஞ்சின் திருத்த ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓர் அறைக்குள் தாய், தங்கை, இவர்கள் இருவர். போக அவனுக்குத் துளியும் மனமில்லை. இந்த ஊரில்தான் அவனுடைய தென்னையும் தோடையும் கிணற்றுக் கட்டும் இருக்கின்றன.

"ஆனா அவள் கூறைச் சீலையையும் வெச்சு ஆசையா அடுக்கினவள், மாமா. இனி நான் போகவேணாம் எண்டா அவள்ட மனம் உடைஞ்சு போகும்."

வதனியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனான்.

அவன் போய்ப் பத்து நிமிடத்தில் வதனி வந்தாள். நின்றபடியே பேசினாள். முன்பள்ளியில் இருபத்துமூன்று பிள்ளைகள், அவர்களை யாரிடம் கொடுப்பது என்றாள். அம்மாவுக்கு ராவில் கால் கொதிக்கும், யார் எண்ணெய் போடுவது என்றாள். மாங்கேணியில் மாமியார் நல்லவர்தான், ஆனால் பிறந்த வளவை விட்டுவிட்டு ஒரு நாளும் இருந்ததில்லை என்றாள்.

"போக எனக்கு ஏலாது, சித்தப்பா. ஆனா அந்த மனிசன் என்ட கூறைச் சீலைய வெள்ளத் துணியில சுத்தி எடுத்து வெச்சிரிக்கு. என்னெண்டு வரமாட்டன் எண்டு சொல்லுற?"

அவளும் சொல்ல வேண்டாம் என்றாள். மூன்றாம் பக்கத்தை எனக்கு நினைவூட்டினாள். மனப்பாடமாக இருக்கிறது என்றேன்.

ஆகவே திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் அவர்கள் போகிறார்கள். போக விருப்பமில்லாத ஒருவன், போக முடியாத ஒருத்தியை, அவள் மனம் நோகக் கூடாது என்று கூட்டிக்கொண்டு போகிறான். வெடித்த பெட்டியை எஞ்சின் கயிற்றால் வரிந்து கட்டி முன்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அவிழ்த்துப் பார்க்க இருவரும் கூசுகிறார்கள், மற்றவர் அடுக்கியது என்று. இதை நான் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சற்று முன்னர் போய்ப் பார்த்தேன். யதுர்ஷன் நேற்றைய அதே சேட்டோடு தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வதனி மச்சாளின் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரோடும் சண்டை இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, மெதுவாகப் பேசி, செத்த வீட்டில் போல நடந்துகொள்கிறார்கள்.

பெட்டியை அடுக்கியது யார் என்பதில் ஊர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. ஆண்கள் வதனி என்கிறார்கள். பெண்கள் யதுர்ஷன் என்கிறார்கள். மருமகனைத் துரத்தப் போய் மகளையும் சேர்த்துப் பறிகொடுத்த மச்சாளின் வேலை என்று கடைசி வாங்குக்காரர்கள் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், பாரத்துக்காக அதை அடுக்கியது நான்.